காக்கும் கிரியையா, இழக்கச் செய்யும் பாவமா? மாயோர் விவாதம்: ஒரு மறுநோக்கு

விசுவாசத்தினால் மட்டுமே இரட்சிப்பு என்றார் லுத்தர். நற்கிரியைகளும் வேண்டும் என்றது ரோமாபுரி. இந்தப் பூசலை இப்படிச் சுருக்கிச் சொல்வதே வழக்கம். ஆனால் லுத்தர் மறைந்து ஆறே ஆண்டுகளில், 1552இல், அவருடைய மாணவர்களும் நண்பர்களுமே இதே கேள்வியில் இரண்டுபட்டு நின்றார்கள். இச்சுருக்கத்தைக் கொண்டு அந்தப் பிளவை விளக்க முடியாது.

விட்டன்பர்க் பேராசிரியர் கேயார்க் மாயோர், இரட்சிப்புக்கு நற்கிரியைகள் அவசியம் என்று எழுதினார். லுத்தரின் நெடுநாள் தோழரான நிக்கோலாஸ் ஆம்ஸ்டோர்ஃப் அதை வன்மையாக மறுத்தார். 1559இல் அவர் ஒருபடி மேலே சென்று, நற்கிரியைகள் இரட்சிப்புக்குத் தீங்கானவை என்றே வாதிட்டார்.

இதை அரசியலின் விளைவாகக் காண்போர் உண்டு. 1547இல் மூல்பர்க் போரில் புரோட்டஸ்தாந்து இளவரசர்கள் கத்தோலிக்கப் பேரரசரிடம் தோற்றனர். மறு ஆண்டு லைப்சிக்கில் பேரரசரை அமைதிப்படுத்த ஒரு சமரச வரைவு உருவானது. அதற்குத் துணைநின்ற விட்டன்பர்க் அணியில் மாயோரும் இருந்தார் என்பதால், எதிரிகள் அவரை ஐயத்தோடு பார்த்தது இயல்பே. ஆயினும் அரசியல் இப்பூசலை மூட்டவில்லை, மூண்டதை வளர்த்தது என்பதே என் கருத்து. 1536இலேயே, லுத்தர் உயிரோடிருக்கையில், விட்டன்பர்க்கில் காஸ்பர் க்ரூசிகரின் விரிவுரை ஒன்றை எதிர்த்து கான்ராட் கார்டாட்டஸ் வழக்காடினார். மனந்திரும்புதல் நீதிமானாக்கப்படுவதற்கு இன்றியமையாத நிபந்தனையா என்பதே அன்றைய சிக்கல். அப்போது போரும் இல்லை, சமரச வரைவும் இல்லை.

மாயோர் உண்மையில் சொன்னது என்ன? கிரியைகள் இரட்சிப்பைச் சம்பாதிக்கின்றன என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. இலவசமாகப் பெற்ற இரட்சிப்பை இழக்காமல் தக்கவைக்க அவை தேவை என்றே விளக்கினார். விசுவாசத்தின் பெயரால் மனம்போன போக்கில் வாழ்வோரைக் கண்ட போதகரின் கவலை அது. அதை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் அவரை எதிர்த்த மத்தியாஸ் ஃப்ளாசியஸ் எழுப்பிய எதிர்க்கேள்வியும் அதே அளவு கனமானது: மரணப் படுக்கையில் மனந்திரும்புகிறவனுக்கு, எந்த நற்கிரியையும் செய்ய நேரமில்லாதவனுக்கு, இந்தப் போதனை என்ன ஆறுதல் தரும்? இரு தரப்பும் பேசியது ஆத்தும பராமரிப்பைப் பற்றித்தான். ஒருவர் கண்முன் நின்றவன் துணிகரமாக வாழ்பவன்; மற்றவர் கண்முன் கிடந்தவன் நடுங்கிச் சாகிறவன்.

1577இல் உருவான லுத்தரன் இணக்க அறிக்கை, நான்காம் பிரிவில் மாயோர், ஆம்ஸ்டோர்ஃப் இருவரின் கூற்றுகளையும் தள்ளியது. நற்கிரியைகள் தேவசித்தப்படி அவசியமானவை; ஆனால் இரட்சிப்புக்கு அவசியம் என்று அவற்றைப் போதிக்கலாகாது. இரட்சிப்பைக் கிரியைகள் காக்கின்றன என்ற கருத்தையும் அது மறுத்து, கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கத்தின் தீர்ப்பை வெளிப்படையாகவே கண்டித்தது. அச்சங்கம் 1547 ஜனவரி 13 அன்று வெளியிட்ட ஆணையின் 24ஆம் விதி, பெற்ற நீதி நற்செயல்களால் காக்கப்படுகிறது, வளர்கிறது என்பதை மறுப்போரைச் சபித்திருந்தது.

அத்தோடு நிற்காமல், துணிந்து செய்யும் பாவத்தால் விசுவாசமும் பரிசுத்த ஆவியானவரின் வாசமும் இழக்கப்படா என்ற எண்ணத்தையும் இணக்க அறிக்கை தள்ளியது. நல்லது செய்வது காக்காது. தீயதைத் துணிந்து செய்வது இழக்கச் செய்யும். தர்க்கத்தில் இது சமன்படாத நிலை என்று குறை கூறுவது எளிது. இதை வேண்டுமென்றே எடுத்த நிலைப்பாடாகவே நான் வாசிக்கிறேன். கிரியைகள் காக்கும் என்றால் மனிதன் தன் கணக்கைத் தானே பார்க்கத் தொடங்குகிறான். பாவம் இழக்கச் செய்யாது என்றால் விசுவாசம் வெறும் எண்ணமாகிவிடுகிறது. ஃப்ளாசியஸின் நோயாளிக்கும் மாயோரின் துணிகரக்காரனுக்கும் ஒரே மேடையிலிருந்து பேச வேண்டிய போதகருக்கு இவ்விரு மறுப்புகளும் சேர்ந்தே தேவைப்பட்டன. மாயோரின் சொற்றொடரைத் தள்ளியவர்கள் அவருடைய கவலையைத் தள்ளவில்லை.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் சம்மேளனமும் கையெழுத்திட்ட கூட்டு அறிக்கையில் 37 முதல் 39 வரையுள்ள பத்திகள் நற்கிரியைகளைப் பற்றியவை. அங்கே லுத்தரன் தரப்பு, கிருபையில் நிலைத்திருத்தல், வளர்தல் என்ற கருத்துகளை ஏற்கிறது. ஆனால் கடவுள் மனிதனை ஏற்றுக்கொள்ளும் அந்த நீதி எப்போதும் முழுமையானது என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. அப்பத்திகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் திரெந்து சங்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். மாயோரிலிருந்தும் தொடங்க வேண்டும்.