அடகேடும் நகர ஆவணமும்: வணிகப் பதிவுகளைக் கேட்டுப் பெறுதலின் வரலாறு

முன்னுரை

நகர மக்களின் பொருளாதார வாழ்வை எழுதப் புகும் ஆய்வாளர்க்கு வங்கிக் கணக்கைக் காட்டிலும் அடகுக்கடையின் ஏடு பயன் மிக்கது. வங்கிக் கணக்கு பணத்தை மட்டுமே குறிக்கும். அடகேடு பணத்தோடு பொருளையும் குறிக்கும். வெள்ளிக் கொலுசு, பித்தளைக் குடம், பட்டுப்புடவை, தாலிக்கொடி என வைக்கப்பட்ட பொருள் எது, அதன் எடை என்ன, எந்த நாளில் எவ்வளவு பணத்திற்கு வைக்கப்பட்டது, பின்னர் மீட்கப்பட்டதா அல்லது மக்கள் வழக்கில் கூறுவதுபோல் ‘மூழ்கிப்போயிற்றா’ என்பவற்றை அதில் காணலாம். பத்திரப்பதிவிலோ வரிப் பதிவேட்டிலோ இடம்பெறாத எளியோரின் உடைமை, குறிப்பாகப் பெண்களின் உடைமை, எழுத்தில் ஏறும் மிகச்சில இடங்களுள் அடகேடும் ஒன்று.

இவ்வேடுகளை வேண்டி நகர ஆட்சியமைப்பை நாடும் ஆய்வாளர் முதலில் அறியவேண்டுவது, எந்தப் பதிவு எந்த அலுவலகத்தில் உள்ளது என்பதாகும். அடகுத் தொழில் குறித்த பதிவுகள் எவ்வாறு உருவாயின, எங்கெங்குப் பிரிந்து கிடக்கின்றன, அவற்றைக் கேட்டுப்பெறச் சட்டம் எத்தகைய வழிகளைத் தந்துள்ளது ஆகியவற்றைச் சென்னையை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டம் எழுதச் செய்த ஏடு

பொருளை ஈடாக வைத்துக் கடன் பெறும் வழக்கம் தமிழ்நாட்டில் தொன்மையானது. நிலத்தை ஈடாக வைப்பதைக் கல்வெட்டுகள் ‘ஒற்றி’ எனக் குறிக்கின்றன. கையாளத்தக்க பொருளை ஈடாக வைப்பது ‘அடகு’ என வழங்கலாயிற்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தனது 172 முதல் 179 வரையிலான பிரிவுகளில் அடகினை வரையறுத்தது. கடன் தீராதபோது, தக்க அறிவிப்புக் கொடுத்துப் பொருளை விற்கும் உரிமையை 176ஆம் பிரிவு அடகு பிடித்தவருக்கு வழங்கியது. எனினும் ஏடு எழுதவேண்டும் என்ற கட்டளை அதில் இல்லை. அதே 1872இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட அடகு வணிகர் சட்டம் ஏட்டையும் சீட்டையும் கட்டாயமாக்கியது என்பது ஒப்புநோக்கத் தக்கது.

சென்னை மாகாணத்தில் அத்தகைய கட்டாயம் 1943ஆம் ஆண்டின் அடகு வணிகர் சட்டத்தால் வந்தது. உரிமம் இன்றித் தொழில் செய்யலாகாது, வட்டி வரம்பினை மீறலாகாது, அடகு வைப்பவருக்குச் சீட்டுக் கொடுக்கவேண்டும், விதித்த முறையில் ஏடுகளைப் பேணவேண்டும் என அது வகுத்தது. ஓராண்டும் ஏழு நாளும் மீட்புக் காலமாக அமைந்தன. அதன்பின் மீட்கப்படாத பொருள் பொது ஏலத்திற்கு உரியதாயிற்று. இன்றும் அடகுச் சீட்டுகளில் காணப்படும் ‘ஒரு வருடம் ஏழு நாள்’ என்னும் தொடர் இச்சட்டத்தின் சுவடேயாகும்.

இவ்வேடுகள் வரலாற்றுக்காக எழுதப்பட்டவை அல்ல. கடன் பெறுவோரைக் காப்பதும் திருட்டுப் பொருளைக் கண்டறிவதும் அவற்றின் நோக்கங்கள். 2024 வரை நடப்பிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவு, திருட்டுப் பொருள் என அறிந்தே பெறுவதைக் குற்றமாக்கியது. எனவே தம் நேர்மையை மெய்ப்பிக்கவும் கடைக்காரருக்கு ஏடு தேவைப்பட்டது. கண்காணிப்புக்காக எழுதப்பட்ட ஓர் எழுத்து, எழுதியோர் கருதாத வகையில் சமூக வரலாற்றுச் சான்றாகவும் அமைந்துவிட்டது எனலாம்.

மாநகராட்சியும் வட்டாட்சியரும்

1688இல் தோன்றிய சென்னை மாநகராட்சியின் ஆவணங்கள் நீண்ட தொடர்ச்சியுடையவை. எனினும் 1919ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டத்தின் கீழ் மாநகராட்சி பேணிய சொத்துவரி, தொழில்வரி, வணிக உரிமப் பதிவுகள் கடையை மட்டுமே அறியும். கடையின் பெயர், முகவரி, உரிமையாளர், செலுத்திய வரி ஆகியவற்றை அவற்றில் தேடலாம். கடைக்குள் வந்துசென்ற பொருளை அவை அறியா.

அடகு வணிகருக்கு உரிமம் வழங்குபவர் வருவாய்த் துறையைச் சார்ந்த வட்டாட்சியர். திருட்டு வழக்கில் ஏட்டைக் கேட்டுப் பார்ப்பது காவல் துறை. ஏடோ கடையிலேயே இருக்கிறது. ஆக, ஒரே கடையின் வரலாறு மாநகராட்சி, வட்டாட்சியர் அலுவலகம், காவல் நிலையம், கடை என நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கிறது.

இந்திய அளவில் இச்சிக்கல் மேலும் விரிகிறது. வட்டித்தொழில், அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 30ஆம் இனமாக உள்ளது. ஆதலின் மாநிலந்தோறும் சட்டம் வேறு, அலுவலகமும் வேறு. கருநாடகத்தில் 1961ஆம் ஆண்டின் அடகு வணிகர் சட்டம் தனியே உள்ளது. மகாராட்டிரத்தில் 1946ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டத்திற்கு மாற்றாக 2014இல் புதிய வட்டித்தொழில் சட்டம் வந்தது. இவ்விரு மாநிலங்களிலும் பொறுப்பு கூட்டுறவுத் துறையிடம் உள்ளது. சென்னையில் வட்டாட்சியரிடம் கேட்கும் அதே வினாவை மும்பையில் வேறொரு துறையிடம் கேட்கவேண்டும்.

கேட்கும் உரிமை

தகவல் பெறும் உரிமைக்கான சட்டத்தைத் தமிழ்நாடு 1997இலேயே இயற்றியது. நாடு முழுமைக்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழு நடைமுறைக்கு வந்தது. ஆய்வாளருக்கு அதன் சில பிரிவுகள் பெரிதும் துணைசெய்வன. தகவல் கேட்பவர் காரணம் கூறவேண்டியதில்லை என்பது 6(2). தவறான அலுவலகத்தில் கொடுத்த விண்ணப்பத்தை ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்திற்கு மாற்றவேண்டும் என்பது 6(3). மேற்கூறிய நான்கு இடச் சிக்கலுக்கு இப்பிரிவு ஓரளவு தீர்வாகிறது. பதிவேட்டை நேரில் பார்வையிட்டுக் குறிப்பெடுக்கும் உரிமையை 2(ஜே) தருகிறது.

இவற்றினும் முதன்மையானது 2(எஃப்) ஆகும். வேறொரு சட்டத்தின் கீழ் அரசு அலுவலகம் பெறக்கூடிய, தனியார் அமைப்பு குறித்த தகவலும் ‘தகவல்’ என்னும் வரையறைக்குள் அடங்கும் என்கிறது அது. உரிமம் வழங்கும் அலுவலர் சட்டப்படி எந்த ஏட்டைக் கேட்டுப் பார்வையிட முடியுமோ, அந்த ஏடு கடைக்குள் இருப்பதாலேயே முற்றிலும் எட்டாப் பொருளாகிவிடாது என வாதிட இப்பிரிவு இடமளிக்கிறது.

பெயரின் மறைவும் பொருளின் வரலாறும்

அடகு வைத்தல் நம் சமூகத்தில் மறைத்துச் செய்யப்படும் செயல். அண்டை வீட்டார் அறியாதபடி, சில வேளை கணவரும் அறியாதபடி, கழற்றிக் கொடுத்த நகை அது. அப்பெண்ணின் பெயரை வெளியிடும் உரிமை ஆய்வாளருக்கு உண்டா என்னும் வினாவைத் தவிர்த்தல் இயலாது. தனிப்பட்ட தகவலுக்கு விலக்கு அளிக்கும் 8(1)(ஜே) இவ்வகையில் நியாயமுடையதே. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்விலக்கை விரிவாக்கியது. அத்திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பொதுநலன் மேலோங்கும்போது தகவல் தரலாம் என்னும் 8(2) மட்டும் தொடர்கிறது.

ஆயினும் சமூக வரலாற்றுக்கு வேண்டுவது பெயரன்று. பள்ளி திறக்கும் சூன் மாதத்தில் அடகு பெருகுகிறதா, பொங்கலுக்கு முன் மீட்பு மிகுகிறதா, பித்தளைப் பாத்திரம் எந்தப் பதிற்றாண்டில் ஏட்டிலிருந்து மறைகிறது போன்ற வினாக்களுக்கு நாளும் பொருளும் எடையும் தொகையும் போதும். விலக்குக்குரிய பகுதியை நீக்கி எஞ்சியதைத் தரலாம் என்னும் 10ஆம் பிரிவு இதற்கு வழிசெய்கிறது. பெயரை நீக்கித் தருமாறு விண்ணப்பத்திலேயே கேட்பது அறத்திற்கும் பொருந்தும், பயனும் தரும்.

இருபது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தவை பற்றிய தகவலுக்கு மூன்று விலக்குகளே பொருந்தும் என்கிறது 8(3). தனிப்பட்ட தகவல் விலக்கு அம்மூன்றனுள் அடங்காது. காலம் கடந்தவற்றுக்குச் சட்டமே வாயில் திறக்கிறது. ஆனால் அதுவரை அப்பதிவேடு எஞ்சியிருக்கவேண்டும். அலுவலகத்தில் இல்லாத தகவலைப் புதிதாக உருவாக்கித் தரவேண்டியதில்லை என 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்ட உரிமப் பதிவேட்டை எந்த மேல்முறையீடும் மீட்டுத்தராது. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டமும் நடுவண் அரசு, ஒன்றியப் பகுதிகள் ஆகியவற்றின் ஆவணங்களுக்கே உரியது. மாநில வட்டாட்சியர் அலுவலகங்களை அது காக்காது.

முடிவுரை

மாநகராட்சி கடையை அறியும். வட்டாட்சியர் உரிமத்தை அறிவார். பொருளை அறிந்தது கடை ஏடு மட்டுமே. இவற்றை இணைத்தாலன்றி எளியோரின் பொருளாதார வரலாறு முழுமை பெறாது. எனவே ஆய்வாளர் முதலில் கேட்கவேண்டுவது ஏட்டின் படியை அன்று. எந்தப் பதிவேடு எத்தனை ஆண்டு பேணப்படுகிறது, எப்போது அழிக்கப்படும் என்னும் தகவலையேயாம். அதனை அறிந்து, அழிவுக்கு முன்னரே அவற்றை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் போன்ற இடங்களுக்கு மாற்றுமாறு வேண்டுதல் பல்கலைக்கழகத் துறைகளின் கடமையாகும். உரிய காலத்தில் மீட்கப்படாத நகையைப் போலவே உரிய காலத்தில் கேட்கப்படாத ஏடும் மூழ்கிப்போகும்.