புறம்போக்குன்னா யாருக்கும் இல்லாததா?

எங்க ஊர்க் கணக்கில் புறம்போக்கு என்றால் ஏரி, ஓடை, மேய்ச்சல் நிலம். தனியாள் பட்டா கிடையாது; ஆனா ஊருக்கே சோறு போடும். பட்டணத்துல அந்த வார்த்தையை வசவா மாத்திட்டாங்க.

எண்ணூர் கழிமுகத்துக்கும் அதே கதிதான். திருவள்ளூர் பக்கம் எங்க வயலை நனைக்கிற கொசஸ்தலை ஆறு, பூண்டி ஏரியைத் தாண்டி அங்கேதான் கடலில் சேருது. இறாலும் நண்டும் மீனவர்களுக்குப் படியளந்த இடம். 1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையம், 1994-ல் வடசென்னை அனல் மின் நிலையம், 2001-ல் துறைமுகம் என்று வரிசையா வந்தன. குழாய் உடைந்து கசிந்த சாம்பல் படிந்து ஆழம் குறைஞ்சது.

1996-ல் மத்திய அரசு ஏற்ற கடலோர வரைபடத்தில், அந்த நீர்ப்பரப்பு கட்டுமானத்துக்குத் தடையான பகுதி. பின்னால் வந்த வரைபடத்தில் கழிமுகமே இல்லை! 2017-ல் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம்தான் இது வெளியே தெரிஞ்சது.

வரைபடத்தில் அழிச்சாலும் வெள்ளம் தன் வழியை மறக்காது. 2023 மிக்ஜாம் புயலின்போது மணலி எண்ணெய்க் கழிவும் வெள்ளத்தோடு எண்ணூர் வீடுகளுக்குள் புகுந்தது. வடிகால் அடைபட்ட வயலில் பயிர் நிற்காதுங்க. சென்னைக்கும் அந்த முகத்துவாரம் ஒரு வடிகால்தான்.