பிஎஸ்என்எல்: ஒரே நாளில் பாதிப் பேர்

பாரத் சஞ்சார் நிகாம் லிமிடெட் (பிஎஸ்என்எல்) 2000 அக்டோபர் 1 அன்று செயல்படத் தொடங்கியது. அதுவரை மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நேரடியாக நடத்திவந்த தொலைபேசிச் சேவை, டெல்லி, மும்பை நீங்கலாக, அதன் பொறுப்புக்கு வந்தது. (அவ்விரு நகரங்களும் 1986 முதலே எம்டிஎன்எல் என்ற மற்றொரு அரசு நிறுவனத்திடம் இருந்தன.) கூடவே மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்களும் வந்தார்கள்.

அத்தனை பேர் எதற்கு என்று இன்று கேட்பது எளிது. செம்புக் கம்பி ஆள் கேட்கும் தொழில்நுட்பம். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒவ்வொரு இணைப்புக்கும் தனி ஜோடிக் கம்பி போக வேண்டும். மழைத் தண்ணீர் கேபிளுக்குள் இறங்கிவிட்டால் பள்ளம் தோண்டி, ஜாயிண்டைப் பிரித்து, நிறம் பார்த்து ஒவ்வொரு ஜோடியாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஒரு தெருவே அதுவரை ஊமையாகக் கிடக்கும். செல்பேசி பரவியதும் இந்த வேலைகள் குறைந்தன. சம்பளப் பட்டியல் அதே வேகத்தில் குறையவில்லை.

நிறுவனம் நொடித்ததற்கு ஆள் மிகுதி மட்டும் காரணமில்லை. 2010இல் 3ஜி, பிராட்பேண்ட் அலைக்கற்றைகளுக்காக, ஏலத்தில் கலந்துகொள்ளாமலேயே ஏல விலையான சுமார் 18,500 கோடி ரூபாயை அது கட்ட நேர்ந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து கட்டணப் போர் மூண்டபோது அதனிடம் நாடு தழுவிய 4ஜி இல்லை. வருவாயில் ஏறத்தாழ முக்கால் பங்கு சம்பளத்துக்கே போனது. 2019 பிப்ரவரிச் சம்பளம் தாமதமானது. ஒப்பந்தத் தொழிலாளர்களோ பல மாதங்கள் கூலியின்றி நின்றார்கள்.

2019 அக்டோபர் 23 அன்று மத்திய அமைச்சரவை மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 50 வயது நிரம்பியவர்கள் நவம்பர் 4 முதல் டிசம்பர் 3 வரை விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பிக்கலாம். முடித்த ஒவ்வொரு பணியாண்டுக்கும் 35 நாள் சம்பளம், ஓய்வு வயதுவரை எஞ்சிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 25 நாள் சம்பளம் என்பது கணக்கு. விண்ணப்பிக்காவிட்டால் ஓய்வு வயதை 58 ஆகக் குறைத்துவிடுவார்கள் என்று ஊழியர்கள் மிரட்டப்படுவதாகத் தொழிற்சங்கங்கள் குற்றம்சாட்டின. 2020 ஜனவரி 31 அன்று 78,569 பேர் வெளியேறினர். சுமார் ஒன்றரை லட்சம் பேரில் இது பாதி.

வயதை மட்டும் பார்த்த திட்டம் வேலையைப் பார்க்கவில்லை. எந்தக் கேபிள் எங்கே புதைந்திருக்கிறது என்று அறிந்தவர்களும் அன்றே போனார்கள். பழுதுபார்ப்பு வெளி ஒப்பந்ததாரர்களிடம் சென்றது. நாடு தழுவிய 4ஜி சேவை 2025 செப்டம்பர் 27 அன்றுதான் முறைப்படி தொடங்கப்பட்டது.