செய்திக்குழுச் சேர்வர்களில் காலாவதி ஒழுங்கு

யூஸ்நெட் என்னும் செய்திக்குழு வலையில், ஒரு கடிதம் சேர்வரில் எத்தனை நாள் தங்கலாம், பேச்சற்றுக் கிடக்கும் இணைப்பை எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்பவற்றை நிர்வாகி முன்கூட்டியே விதித்துவைக்கும் ஏற்பாடு இது. 1979இல் டியூக் சர்வகலாசாலை மாணவர்களான டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் திட்டமிட்ட அவ்வலையில் ஒவ்வொரு சேர்வரும் தனக்கெனப் பிரதி வைத்துக்கொண்டமையால், பழையதை அழித்தாலன்றிப் புதியதற்கு இடமில்லாது போயிற்று. புத்தளத்து உப்பளத்தில் உப்பு விளையுமுன் நீரைத் திறந்துவிட்டால் உழைப்பு வீணாகும், விளைந்தபின்னும் கசப்பு நீரை வடிக்காவிட்டால் உப்புக் கெடும். நாள் குறிக்கும் அத்தகைய அநுபவமே நிர்வாகிக்கும் அவசியமாயிற்று.

ரிச் சால்ஸ் இயற்றி 1992இல் பிரசித்தமான ஐ.என்.என். என்னும் செய்திச் சேர்வர் மென்பொருளில் இவ்விதிகள் 'எக்ஸ்பயர்.சிடிஎல்' என்னும் கோப்பில் வரிவரியாக எழுதப்படும். குழுவின் பெயருக்கும் வகைக் குறிக்கும் பின் மூன்று கணக்குகள் வரும். நடுவிலுள்ளது, எழுதியவர் காலாவதித் திகதி குறிக்காத கடிதத்துக்குரியது. மற்றவை, திகதி குறித்த கடிதத்துக்குக் கீழெல்லையும் மேலெல்லையும். கடிதம் அழிந்தாலும் அதன் அடையாளம் உடனே அழியலாகாது; அழிந்தால், அயற் சேர்வர் அதே கடிதத்தை மறுபடி நீட்டும்போது புதியதென்று ஏற்க நேரும். ஆதலால், 10 நாளுக்கு மேற்பட்ட கடிதத்தை ஏற்பதில்லை என்ற வழக்கமான அமைப்போடு, அடையாளத்தை 11 நாள் நினைவில் வைக்கும் விதியும் சேர்ந்தது. அந்த ஒருநாள் மிகுதியை இவ்வொழுங்கின் மிக நேர்த்தியான அம்சமென்பது தகும்.

இணைப்பின் பொறுமைக்கு 2006இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3977 என்னும் இணைய விதிமுறை ஆவணம் வரம்பிட்டது: முதற் கட்டளைக்குக் காத்திருப்பது நீங்கலாக, வாளாவிருக்கும் வாசகரை 3 நிமிடத்துக்குள் துண்டிக்கலாகாது. கடிதச் சேமிப்பிலோ, அதற்கு முன்னரே, 1997இல் ஸ்காட் ஃபிரிச்சி விவரித்த சுழற்சிச் சேமிப்பு முறையில், புதிய கடிதம் மிகப் பழையதன்மேல் தானே எழுதப்பட்டு, நாட்கணக்கின் ஆதிக்கம் தளர்ந்தது.

தமிழருக்கு இது வெறும் யந்திர விஷயமன்று. புலம்பெயர்ந்தோர் 'சாக்.கல்ச்சர்.தமிழ்' குழுவில் உரோமன் எழுத்திலே தமிழை எழுதி வாதித்தவை, எந்தச் சேர்வரும் தம்மை நிரந்தரமாகக் காக்கும் கடப்பாடற்ற நிலையிலேயே உலாவின. பழைய யூஸ்நெட்டில் எஞ்சியதற்குப் பெரிதும் காரணர், டொரொன்டோ சர்வகலாசாலை விலங்கியல் துறையில் 1981 முதல் 1991 வரை காந்த நாடாக்களில் பிரதிகளைச் சேமித்த ஹென்றி ஸ்பென்சரும், 1995இல் தோன்றிய டேஜாநியூஸ் ஸ்தாபனமுமே. 2001இல் அவ்விரு சேமங்களும் கூகுளிடம் சேர்ந்தன. 2024 பெப்ரவரியில் அந்நிறுவனம் புதிய யூஸ்நெட் கடிதங்களை ஏற்பதை நிறுத்தி, பழையவற்றை மட்டும் பார்வைக்கு விட்டுவைத்தது.