பெர்லில் மாட்யூல் தேடலும் மெத்தட் தேடலும்

பெர்ல் என்பது லாரி வால் 1987இல் வெளியிட்ட நிரல்மொழியாகும். இம்மொழிக்குப் புதியவர்களைக் குழப்பும் பிழைச்செய்திகள் இரண்டு உள்ளன. ஒன்று, மாட்யூல் கோப்பைக் காணவில்லை என்பது. மற்றொன்று, அழைத்த மெத்தட் அந்தப் பொதியில் இல்லை என்பது. இவை ஒன்றுபோலத் தோன்றினாலும் வெவ்வேறு தேடல்களில் பிறப்பவை.

தோற்றம்

இன்றைய மாட்யூல் முறையும் பொருள்நோக்கு நிரலாக்கமும் 1994 அக்டோபரில் வெளியான பெர்ல் 5 உடன் வந்தன. மாட்யூலின் பெயர் கோப்புப் பாதையாக மாற்றப்படுகிறது. ‘மதுரை::மல்லி’ எனில், ‘மதுரை’ கோப்புறையில் உள்ள ‘மல்லி’ என்ற பி.எம். கோப்பு என்று பொருள். ஐ.என்.சி. என்னும் பட்டியலிலுள்ள கோப்புறைகளில் அது வரிசையாகத் தேடப்படும்.

மெத்தட் கோப்புகளில் தேடப்படுவதில்லை. நினைவகத்தில் ஏற்கெனவே ஏற்றப்பட்ட பொதியிலும், ஐ.எஸ்.ஏ. பட்டியல் காட்டும் தாய்ப் பொதிகளிலும் தேடப்படுகிறது. எனவே தாய்ப் பொதியின் பெயரை அப்பட்டியலில் எழுதிவிட்டு அதன் கோப்பை ஏற்ற மறந்தால், நிரல் தொடங்கும்போது பிழை தெரியாது. மெத்தட்டை அழைக்கும்போதுதான் தெரியும்.

மாற்றங்கள்

குருசாமி சாரதி வெளியீட்டுப் பொறுப்பாளராக இருந்த பெர்ல் 5.005, 1998 ஜூலையில் வெளியானது. அதில் இடம்பெற்ற ‘பேஸ்’ மாட்யூல், தாய்ப் பொதியின் கோப்பை ஏற்றுவதையும் அதை ஐ.எஸ்.ஏ.வில் சேர்ப்பதையும் ஒரே வரியில் முடித்தது. அதைவிட எளிய ‘பேரன்ட்’ மாட்யூல் 2009இல் பெர்ல் 5.10.1 உடன் சேர்ந்தது.

நடப்புக் கோப்புறைச் சிக்கல்

நிரல் இயங்கும் நடப்புக் கோப்புறையும் நெடுங்காலம் ஐ.என்.சி. பட்டியலின் கடைசியில் இருந்தது. எவரும் எழுதக்கூடிய தற்காலிகக் கோப்புறையில் ஒருவர் தீய கோப்பொன்றை வைத்துவிட்டால், அங்கிருந்து நிர்வாகி இயக்கும் நிரல் அதை மாட்யூலாக ஏற்றிவிடக்கூடும். இந்த ஆபத்தால் 2017 மே மாதம் வெளியான பெர்ல் 5.26இல் நடப்புக் கோப்புறை இயல்பிருப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பாதுகாப்பு கூடியது, ஆனால் தம்முடன் இருந்த மாட்யூல்களை நம்பிய பழைய நிரல்கள் பல நின்றன. ‘லிப்’ கட்டளையால் கோப்புறையை வெளிப்படையாகக் குறிப்பிடுவதே அவற்றுக்கான முறையான தீர்வு.

பிழை அறிதல்

முதல் வகைப் பிழைச்செய்தி தேடிய கோப்புறைகளையும் அச்சிடுகிறது. அவற்றில் கோப்பு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். பெரிய, சிறிய ஆங்கில எழுத்துகள் மாறியிருந்தால் லினக்ஸில் கோப்பு கிடைக்காது. விண்டோஸில் கோப்பு ஏறிவிடும். ஆனால் பொதியின் பெயர் பொருந்தாததால், பின்னர் இரண்டாம் வகைப் பிழை தோன்றும்.