விதி: ஒரு சொல், இரு பொருள்

புணர்ச்சி விதிகளை நடத்தும்போது ஆண்டுதோறும் யாரேனும் ஒரு மாணவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்: “ஐயா, இலக்கண விதிக்கும் தலைவிதிக்கும் ஏன் ஒரே சொல்?” இரண்டும் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை என்று சொல்லிக் கடந்துவிடுவது என் வழக்கம். அந்த விடை போதாது என்று உணர்ந்தது, இலக்கியத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத ஓரிடத்தில். எண்ணூர்த் துறைமுகத்தில் 2019இல் திரவ இயற்கை எரிவாயு முனையம் தொடங்கப்பட்ட செய்தியைத் தொடர்ந்து, அந்த எரிபொருளில் ஓடும் லாரிகளுக்கான பாதுகாப்பு விதிகளின் வரலாற்றைத் தேடிப் படிக்க நேர்ந்தது.

எல்.என்.ஜி. எனப்படும் இது பெரும்பாலும் மீத்தேன்தான். ஏறத்தாழ −162 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தால் வாயு நீர்மமாகி, பருமன் அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதனால்தான் ஒரே தொட்டியை நிரப்பிக்கொண்டு லாரி நெடுந்தொலைவு ஓட முடிகிறது. அந்தத் தொட்டி அடிப்படையில் நம் வீட்டுக் காப்பி பிளாஸ்க்கின் உறவினர். 1892இல் ஜேம்ஸ் டூவர் உருவாக்கிய குடுவையைப் போலவே ஒன்றுக்குள் ஒன்றாக இரு சுவர்கள், இடையே வெற்றிடம். கொள்கை எளிது. ஆனால் இத்தனை குளிரைத் தாங்கும் உலோகம் எது என்பதற்கு உலகம் பெரிய விலை கொடுத்தது.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம், 1944 அக்டோபர் 20, வெள்ளிக்கிழமை. போர்க்காலத் தொழிற்சாலைகளுக்கும் குளிர்கால அடுப்புகளுக்கும் வாயு போதாமல், ஈஸ்ட் ஒகையோ எரிவாயு நிறுவனம் அதனைத் திரவமாக்கிச் சேமித்து வந்தது. 1941இல் கட்டிய மூன்று கோளத் தொட்டிகள் குறையின்றி இயங்கின. அந்த நம்பிக்கையில் நான்காவதாக உருளை வடிவில் ஒன்று எழுந்தது. அதன் உட்சுவர் 3.5 விழுக்காடு நிக்கல் கலந்த எஃகு. போரினால் நிக்கலுக்குத் தட்டுப்பாடு இருந்த காலம் அது. கடுங்குளிரில் அத்தகைய எஃகு வளைவதில்லை, கண்ணாடியைப் போல் உடைகிறது. பிற்பகல் 2.40 அளவில் நான்காம் தொட்டி பிளந்தது.

வெண்பனி போன்ற ஆவி தரையோடு பரவிற்று. நீர்மம் தெருவில் ஓடி மழைநீர்ச் சாக்கடைகளில் இறங்கிற்று. சாக்கடைக்குள் ஆவியாகிக் காற்றோடு கலந்து தீப்பற்றியபோது, பாதாள மூடிகள் வானில் பறந்தன. வீட்டுக்குள் பாதுகாப்பாக இருந்ததாய் எண்ணியவர்களின் அடித்தளங்களிலிருந்தே நெருப்பு எழுந்தது. சுமார் இருபது நிமிடங்களில் ஒரு கோளத் தொட்டியின் கால்கள் வெப்பத்தில் தளர்ந்து அதுவும் சரிந்தது. மாண்டவர்கள் 130 பேர். பலருடைய உடல்களை இன்னார் என்று அடையாளம் காணவும் இயலவில்லை.

இதன் பின்னர் அமெரிக்கா இத்துறையைக் கைவிட்டது போலாயிற்று. 1959இல் ‘மீத்தேன் பயனியர்’ என்ற கப்பல் லூசியானாவிலிருந்து தேம்ஸ் முகத்துவாரத்தின் கான்வி தீவுக்குத் திரவ வாயுவை ஏற்றிச் சென்றபோதுதான் நம்பிக்கை திரும்பியது. அதன் தொட்டிகள் அலுமினியத்தால் ஆனவை. அது குளிரில் நொறுங்காது.

இன்றைய வாகன விதிகளை இந்த நிகழ்ச்சியை நினைவில் வைத்துப் படித்தால் ஒவ்வொன்றும் ஒரு மறுமொழியாகத் தெரிகிறது. உள்தொட்டி கடுங்குளிரிலும் நெகிழ்வு இழக்காத உலோகத்தால் ஆகவேண்டும். குழாய் அறுந்தால் நீர்மம் வெளியே ஓடாதபடி அடைப்பான் தானாக மூடவேண்டும். 2014இல் எல்.என்.ஜி.யையும் உள்ளடக்கி விரிவாக்கப்பட்ட ஐ.நா. ஒழுங்குமுறை 110இன்படி, தொட்டியை 9 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கவேண்டும். உள்ளிருப்பது வெளியேறக் கூடாது.

எனக்கு மிகவும் வியப்பளித்தது மணத்தைப் பற்றிய விதி. வீட்டு எரிவாயுவின் நாற்றம் இயற்கையானது அன்று. 1937 மார்ச் 18இல் டெக்சாசின் நியூ லண்டன் பள்ளியில், மணமற்ற வாயு எவரும் அறியாமல் கசிந்து வெடித்தது. மாணவரும் ஆசிரியருமாக ஏறக்குறைய முந்நூறு பேர் மடிந்தனர். அதன்பின்தான் வாயுவில் நாற்றப்பொருள் சேர்ப்பது சட்டமாயிற்று. ஆனால் −162 பாகையில் அந்த நாற்றப்பொருளே உறைந்துபோகும். எனவே எல்.என்.ஜி. வாகனம் கசிந்தால் மூக்குக்குத் தெரியாது. மூக்கின் வேலையை மீத்தேன் உணர்கருவி செய்யவேண்டும். அதை அணைத்து வைக்கும் ஓட்டுநர், தம்மை அறியாமலேயே அந்தப் பள்ளியின் வகுப்பறைக்குத் திரும்பிச் செல்கிறார்.

வெற்றிடச் சுவரையும் மீறி வெப்பம் சிறிது சிறிதாக உள்ளே நுழையும். நின்றுகொண்டிருக்கும் லாரியிலும் நீர்மம் மெல்லக் கொதிக்கும், அழுத்தம் ஏறும். ஆகவே ஆவியை உயரே, பாதுகாப்பான இடத்தில் வெளியேற்றும் குழாய் வேண்டும். மூடிய கொட்டகையில் நாட்கணக்கில் வண்டியை நிறுத்திவைத்தல் ஆகாது. 2002 ஜூன் 22இல் ஸ்பெயினின் திவிசா அருகே எல்.என்.ஜி. ஏற்றிச் சென்ற டேங்கர் லாரி கவிழ்ந்து தீப்பிடித்து, சற்று நேரத்தில் தொட்டியே வெடித்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். அந்தத் தொட்டியைச் சுற்றியிருந்தது வெற்றிடம் அன்று. தீயைத் தாங்காத நுரைப்பொருள். காப்புறை எதுவாக இருக்கவேண்டும் என்ற கேள்விக்கு அவருடைய மரணமும் ஒரு விடை.

கிளீவ்லாந்தில் வீடிழந்தவர்களுள் சிலரேனும் தம் மொழியில் ‘தலைவிதி’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். உலோகத்தைச் சோதித்து அறிக்கை எழுதியவர்கள் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. நேர்ந்ததற்குக் காரணம் உண்டு, காரணத்தை நீக்கலாம் என்றார்கள். முதல் மூன்று தொட்டிகளின் வெற்றி நான்காவதற்குச் சான்றாகாது என்பதையும் உலகம் அப்போதுதான் கற்றது.

அடுத்த முறை மாணவர் கேட்டால் இப்படிச் சொல்லலாமென்று நினைக்கிறேன்: ஒருவருக்கு நேர்ந்த விதி இன்னொருவருக்கு நேராதிருக்க எழுதிவைப்பதும் விதிதான். முன்னதை மாற்ற எவராலும் இயலாது. பின்னதை மறந்தால், முன்னது மீண்டும் வரும்.