பெயரேடு கைமாறிய கதை

ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிப் படிக்கச் சேலம் மாவட்ட வலைத்தளத்தைத் திறக்கிறோம். உரோமன் எழுத்தில் ‘சேலம்.நிக்.இன்’ என்று அமைந்த அதன் முகவரியை வலமிருந்து இடமாகப் படித்தால், அதிகாரம் படிப்படியாகக் கைமாறிய வரலாறு புலப்படும்.

இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் கணினிப் பெயர்கள் யாவும் ஒரே கோப்பில் இருந்தன. எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பேணியது. பெயர்கள் பெருகவே ஒற்றை ஏடு தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் அதைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறையை வகுத்தார். மேலிருப்பவர் எல்லாப் பெயர்களையும் வைத்திருக்க வேண்டியதில்லை. விடை யாரிடம் உண்டு என்று கைகாட்டினால் போதும். அவ்வாறே 1989இல் ‘.இன்’ இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன்கீழ் ‘நிக்’ என்னும் பகுதி தேசியத் தகவலியல் மையத்தின் பொறுப்பு. அதற்குள் ஒரு பெயர் சேலம்.

இம்முறை சேர்வராயன் மலையடிவாரத்துக்குப் புதிதன்று. 1792இல் சேலமும் பாராமகாலும் கும்பினியின் வசமானபோது, அலெக்சாண்டர் ரீட் தம் பொறுப்பை மன்றோ, கிரகாம், மெக்லியட் என்னும் மூன்று உதவியாளர்களுக்குப் பகிர்ந்தளித்தார். ஊர்க்கணக்கோ கர்ணத்திடம் இருந்தது. 1980இல் கர்ணம் பதவியே ஒழிக்கப்பட்டது. ஏடுகள் வேறு கைக்குச் சென்றன, ஊர்ப்பெயர்கள் நிலைத்தன.

மேகக்கணிமைக் காலத்திலும் நிகழ்ந்தது இதுவே. மாவட்டத் தளங்கள் தனித்தனி வழங்கிகளை விட்டுப் பொதுவான மேகத் தளத்துக்குக் குடிபெயர்ந்தன. ஏட்டில் பெயருக்கு எதிரே உள்ள பதிவை மாற்றினால் போதும். வாசகர் பழைய பெயரைச் சொல்லியே புதிய இடத்தை அடைகிறார்.

ஆபத்தும் அங்கேதான் உள்ளது. மேகத்தில் இயங்கிய செயலி ஒன்றைக் கலைத்தவர், பெயரேட்டில் அதன் பதிவை நீக்க மறந்துவிடுவதுண்டு. காலியான அவ்விடத்தை அயலார் எடுத்துக்கொண்டால், அரசின் பெயரிலோ வங்கியின் பெயரிலோ பேச அவரால் இயலும். வந்து கேட்பவருக்கு வேறுபாடு தெரியாது.

2010இல் ‘.இலங்கை’யும், 2011இல் ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ ஆகியவையும் தமிழ் எழுத்திலேயே உலகின் மூலப் பெயரேட்டில் இடம்பெற்றன. ஏற்காடு என்னும் பெயரைத் தமிழிலேயே எழுதி அடைய இன்று வழியுண்டு. பெயரைப் பெறுவதோடு நம் கடமை முடிவதில்லை. கர்ணம் அன்றாடம் கணக்கைப் பார்த்ததுபோல, அந்தப் பதிவையும் நாம் பார்த்துவர வேண்டும்.